லிப்டன் சீட்டிலிருந்து கடல் தெரியுமா?

"அப்புத்தளை மலை உச்சியில நின்னா கடல் தெரியுமாமே, உண்மையா புள்ள?"

இந்தக் கேள்வியை அம்மா என்னிடம் முதன்முதலில் கேட்டபோது நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். "தெரியுமாம் அம்மா, ஒரு நாளைக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு நாள் வருவதற்கு முப்பது வருடங்கள் ஆகிவிட்டன.

அம்மா ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் பேர் பதிந்தவர், ஐம்பத்தைந்தில் பென்சன் வாங்கும்வரை கூடையை இறக்கவில்லை. அவர் கண்ட பெரிய நீர் என்றால் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிதான். கடலை அவர் பார்த்ததே இல்லை. நம் மலைகளில் இப்படி எத்தனையோ தாய்மார் இருக்கிறார்கள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் பிறந்து, ஒரு முறைகூடக் கடலைக் காணாமலே கண்ணை மூடியவர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தம்பிமார் "அடுத்த வருசம் வான் பிடித்துப் போவோம்" என்பார்கள். அடுத்த வருடம் யாருக்காவது சடங்கு இருக்கும், இல்லாவிட்டால் யாருக்காவது கடன் இருக்கும். அம்மாவின் முழங்கால்களோ வருடத்துக்கு வருடம் மோசமாகிக்கொண்டு வந்தன. கடைசியில் நானே ஒரு முடிவெடுத்தேன். நாற்பத்திரண்டாவது வயதில் வாகனம் ஓட்டப் பழகினேன். முதல் பரீட்சையில் தவறி, இரண்டாம் தடவை சாரதி அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்ததும் தம்பியின் பழைய மாருதியைக் கேட்டேன். "அக்கா, அந்தத் தோட்டத்து ரோட்டுல ஆம்பளைகளே பயந்து பயந்துதான் ஓட்டுவாங்க" என்றான். சாவியைக் கொடுத்ததும் அவன்தான்.

விடியுமுன் புறப்பாடு

2024 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை நாலு மணிக்குள் பதுளையிலிருந்து புறப்பட்டோம். காரில் நானும் அம்மாவும் என் மகளும் மட்டும். ஒரு பிளாஸ்க் நிறையப் பிளேன்டீ, ரொட்டியும் கட்டச்சம்பலும், இரண்டு கம்பளிப் போர்வை. இவ்வளவுதான் நம் பயணச் சாமான்.

ஏன் இவ்வளவு வேளையோடு போக வேண்டும் என்று கேட்பீர்கள். லிப்டன் சீட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,970 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால், கணக்கின்படி 150 கிலோமீற்றருக்கு அப்பாலும் கண் எட்டும். அம்பாந்தோட்டைக் கடற்கரையோ நேர்கோட்டில் 70 கிலோமீற்றர் அளவுதான். ஆகவே கடல் தெரிவதற்கு மலை தடையில்லை, பனிமூட்டம்தான் தடை. காலையில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குகளின் ஈரம் மேலே கிளம்பி, பெரும்பாலும் ஒன்பது பத்து மணிக்குள் உச்சியையே மூடிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு மலையேறுவது இதற்காகத்தான்.

ஹாலிஎலையைத் தாண்டித் தெமோதரைப் பக்கம் வந்தபோது, அதுவரை பேசிக்கொண்டே வந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். இருட்டில் ரயில் ஸ்டேசன் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு வந்தார். குளிராக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். காரணம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

பண்டாரவளையில் பெற்றோல் அடித்துக்கொண்டு அப்புத்தளைக்கு ஏறினோம். 1893ஆம் ஆண்டில் ரயில் பாதை வந்து சேர்ந்த ஊர் இது. ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தெற்குச் சமவெளி. இரண்டுக்கும் நடுவில், கத்தியின் விளிம்பு போன்ற மலைமுகட்டில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்திலும் ஒரு தேநீர்க்கடை திறந்திருந்தது. அங்கிருந்து தம்பேத்தன்னத் தொழிற்சாலை சுமார் பத்துக் கிலோமீற்றர். அதற்கு மேலே உச்சிவரை இன்னும் ஏழு கிலோமீற்றர்.

அந்த ஏழு கிலோமீற்றர்

பயணத்தில் உண்மையான சோதனை இந்தப் பகுதிதான். ஒரு வாகனம் போகுமளவுக்கே பாதை. ஒரு பக்கம் கருங்கல் அடுக்கிய மதில், மறுபக்கம் தேயிலைச் சரிவு. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் கியரை விட்டு மாற்றவே எனக்குத் துணிவு வரவில்லை.

பாதி தூரத்தில், ஒரு வளைவில், மேலேயிருந்து ஒரு ஆட்டோ இறங்கி வந்தது. நான் பதறிப்போய்க் கிளட்சைச் சட்டென்று விட, இயந்திரம் நின்றுவிட்டது. கார் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். கை நடுங்கியது. அதற்குள் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முழங்கால் வலியில் முற்றத்துக்கு இறங்கவே யோசிக்கும் என் அம்மா, இருட்டில் இறங்கி, மதிலோரம் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு. அவசரப்படாத. கொழுந்து லொறிக்கு எத்தன தடவ கல்லு வச்சிருக்கேன்" என்றார்.

ஆட்டோக்காரத் தம்பியும் இறங்கி வந்து வழி சொன்னார். இரண்டாவது முயற்சியில் கார் ஏறியது. அம்மா கல்லை மறக்காமல் எடுத்து மதிலோரமே வைத்துவிட்டு வந்து ஏறினார். பாதையில் கல்லை விட்டுப் போனால் பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்தல்லவா?

சிலையாய் இருப்பவரும் பெயரில்லாதவர்களும்

ஆறு மணி கடந்த சற்று நேரத்தில் உச்சியை அடைந்தோம். சிறு கட்டணம் செலுத்தி உள்ளே போனால் ஒரு பெஞ்சில் சேர் தோமஸ் லிப்டன் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். என் மகள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் இவர்?" என்று கேட்டாள்.

1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர் லிப்டன். மளிகைக் கடையில் தொடங்கிப் பல ஊர்களில் கடை போட்டவர். 1869 முதல் பரவிய இலைநோயால் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1890இல் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்னத் தொழிற்சாலையும் அந்த ஆண்டில் கட்டப்பட்டதுதான். தேயிலையைச் சிறு பொதிகளாக்கிக் குறைந்த விலைக்கு விற்றதால், அதுவரை வசதியானவர்கள் குடித்த தேநீர் இங்கிலாந்தின் சாதாரணத் தொழிலாளி வீட்டுக்கும் போனது. தன் தோட்டங்களைப் பார்வையிட அவர் வந்து அமர்ந்த இடம் என்பதால் இந்த உச்சிக்கு அவர் பெயர்.

இதைச் சொல்லிவிட்டு மகளிடம் இன்னொன்றும் சொன்னேன். லிப்டனின் பழைய விளம்பரங்களில் கொழுந்துக் கூடையோடு ஒரு தமிழ்ப் பெண்ணின் படம் இருக்கும். உலகம் முழுவதும் போன படம். அவள் பெயர் என்ன என்று எந்தப் பொதியிலும் போடவில்லை. நாம் ஏறி வந்த பாதையை வெட்டியவர்களுக்கும், அந்த மதிலுக்குக் கல் அடுக்கியவர்களுக்கும் இங்கே பெயரில்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அம்மாயியை இந்தப் பெஞ்சுல உட்கார வச்சு ஒரு போட்டோ எடுப்போம்" என்றாள். எடுத்தோம். லிப்டனுக்குப் பக்கத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் பிளேன்டீக் கோப்பையோடு அம்மா இருக்கும் அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கடல்

கீழ்வானம் சிவந்தது. காலடியில் தேயிலை மலைகள் படிப்படியாக இறங்கி, அதற்குக் கீழே காடும் சமவெளியும் நீல நிறத்தில் விரிந்தன. கொஸ்லந்தைப் பக்கத்தைப் பார்த்தபோது எல்லோருக்கும் ஒரே நினைவுதான் வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியாபெத்தை லயங்களை மண் மூடிய திசையல்லவா அது. அம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கை கூப்பினார்.

வெயில் பட்டதும் தெற்கே, வானமும் நிலமும் சேரும் இடத்தில், ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு மின்னியது. முதலில் மேகம் என்று நினைத்தேன். மேகம் கலைந்தாலும் அந்தக் கோடு கலையவில்லை.

"அம்மா, அதுதான் கடல்!"

அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "அந்தக் கோடா? வெள்ளி அரைஞாண் மாதிரியில்ல இருக்கு" என்றார். அம்பாந்தோட்டைப் பக்கம், உப்பளங்கள் இருக்கும் கரை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்:

"தலைமன்னார் எந்தப் பக்கம்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது வருடமாக அம்மா பார்க்க ஆசைப்பட்டது எந்தக் கடலை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அது இந்தப் பக்கம் இல்லம்மா. நமக்குப் பின்னால, வடக்க."

அம்மா திரும்பினார். எல்லோரும் தெற்கே பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பார்த்து நின்றார். அங்கே கடல் இல்லை. மலைக்கு மேல் மலைதான். கிழக்கே தள்ளி எங்கள் நமுனுகுலை தெரிந்தது. அதைக் கண்டதும், "நம்ம மலை" என்று மகளுக்குக் காட்டினார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தார், என் பெரியம்மா. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானது நமக்குத் தெரியும். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. புத்தகத்தில் இது எண்ணிக்கை. லயத்தில் இது இரண்டு விண்ணப்பங்கள். என் தாத்தா இலங்கைக்கு எழுதிப் போட்டார், பெரியம்மாவின் மாமனார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். 1973இல் பெரியம்மா புருசனோடும் கைக்குழந்தையோடும் புறப்பட்டார். அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது.

தெமோதரை ஸ்டேசனில்தான் வழியனுப்பினார்களாம். அந்த ஸ்டேசனின் அமைப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பதுளையிலிருந்து வரும் கோச்சி முதலில் ஸ்டேசனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறித்தான் மேலே வரும்.

"காலுக்குக் கீழ கோச்சி போற சத்தம் கேட்டிச்சி. அக்கா என் கைய புடிச்சிக்கிச்சி. சுத்தி மேல வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகும் இல்ல? அந்தக் கொஞ்ச நேரந்தான் கடைசியா பேசினோம். வராமப் போயிடக்கூடாதான்னு சாமிய கும்பிட்டேன். வந்திருச்சி" என்றார் அம்மா.

அங்கிருந்து தலைமன்னார். தலைமன்னாரிலிருந்து கப்பல். கோத்தகிரியிலிருந்து சில வருடங்கள் கடிதம் வந்தது. 1984இல் கப்பலும் நின்றுபோனது. பிறகு கடிதமும் நின்றது. "கடல் எவ்வளவு பெரிசுன்னு ஒரு தடவ பார்த்துட்டா, ஏன் வரலன்னு மனசு ஆறும்னு நெனச்சேன்" என்றார்.

ஒரு கொழுந்துக்காரச் சகோதரி

நாங்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விறகுக்கட்டோடு ஒரு சகோதரி அந்த வழியாக வந்தார். அம்மா அவரைக் கூப்பிட்டு ரொட்டி கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் இருவரும் ஒரே மலையில் நிரை பிடித்தவர்கள்போலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். படங்கு கட்டினால் இடுப்பில் விழும் தழும்பு, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசுவது, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையின் அழுகை கேட்டு மார்பு கனப்பது எல்லாம் பேசினார்கள். பேச்சினூடே அம்மா கேட்டார், "நீ கடல பார்த்திருக்கியா?"

"இங்கயிருந்தா? ரெண்டு மூணு தடவ பார்த்திருக்கேன் அக்கா. கொழுந்து எடுக்கிறப்போ பார்வை கைமேலதான் இருக்கும். நிமிர்ந்து பார்க்கிற நேரத்துக்குப் பனி மூடிடும்."

உண்மைதான். பல தோட்டங்களில் கேட்ட நிறை வராவிட்டால் அரைப்பேர் என்ற நிலையில் யார் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்? நாட்சம்பளம் 1000 ரூபாவானதே 2021ஆம் ஆண்டில்தான். அப்படியொரு சம்பளத்தில் ஆட்டோ பிடித்து 'வியூ' பார்க்கப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் இடத்தை, அதன் அடிவாரத்தில் இருப்பவர்கள் பார்ப்பதில்லை என்று யாராவது கேலி பேசினால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு அந்தச் சகோதரி சொன்னபடியே பனி ஏறி வந்தது. முதலில் கடல் மறைந்தது, பிறகு சமவெளி, கடைசியில் லிப்டனும் மறைந்தார்.

போகிறவர்கள் கவனத்துக்கு

• மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் போவது நல்லது. சூரிய உதயத்துக்கு முன்பே உச்சியில் இருங்கள்.

• சிறிய வாகனமே வசதி. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடியுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல், இரண்டாம் கியரிலேயே வாருங்கள். துணைக்கு வருபவர் கையில் சக்கரத்துக்கு வைக்க ஒரு மரக்கட்டை இருக்கட்டும்.

• ஓட்டத் தயக்கமானால் தம்பேத்தன்னவரை அப்புத்தளை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். முழங்கால் நன்றாக உள்ளவர்கள் தேயிலைக்கு நடுவே நடந்தே ஏறலாம்.

• 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல மலைகள் சரிந்தன. பாதையின் நிலையை விசாரித்துவிட்டே புறப்படுங்கள். மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் போகவே வேண்டாம்.

• சாப்பிட்ட பொலித்தீனைத் தேயிலைக்குள் வீசாதீர்கள். அதைப் பொறுக்குவதும் நம் பெண்கள்தான்.

திரும்பி வந்து

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு நீலக் கடித உறையை எடுத்துத் தந்தார். பெரியம்மாவின் கடைசிக் கடிதம். அதன் பின்பக்கத்தில் கோத்தகிரி முகவரி இருந்தது. அன்று இரவே அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அக்காவுக்கு, நான் கடலைப் பார்த்தேன்" என்றுதான் அந்தக் கடிதம் தொடங்கியது. அந்த லிப்டன் படத்தில் ஒரு பிரதியையும் உள்ளே வைத்து அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. அனுப்பிய கடிதம் திரும்பியும் வரவில்லை. அம்மா தபால்காரரைக் கண்டால் இப்போதும் எழுந்து வாசலுக்கு வருகிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருக்கும். அந்தப் பழைய உறைகளை, பாஸ்போட் காகிதங்களை எரித்துவிடாதீர்கள். அம்மாமாரிடம் எங்கே போக ஆசை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ஏன் என்றும் கேளுங்கள்.

சென்ற வாரம் நான் அம்மாவிடம், "தலைமன்னாருக்கு 2015இல் ரயில் பாதையை மறுபடி திறந்தார்கள், ஒரு நாளைக்குக் கோச்சியிலேயே போய் வருவோமா?" என்று கேட்டேன்.

அம்மா உடனே தலையை ஆட்டி மறுத்தார்.

"கோச்சி வேணாம் புள்ள. நீயே ஓட்டு. நான் கல்லு வைக்கிறேன்."